நாலு எண்

சிலிண்டரை இறக்கி வைத்தபின்
நம்பர் கேட்க வேண்டும்.
கம்பெனி விதி.
பாதிக் கதவுக்குப் பின்னால் நின்று
ஏழு, மூணு, சைபர், நாலு என்பாள் எப்சிபா.
எண் மாறும். குரல் மாறாது.
என் கூடப் பிறந்தவள்.
ஒன்பது வருடத்தில் அவள் வாயிலிருந்து
எனக்குக் கிடைத்த தமிழ் அவ்வளவுதான்.

பையனுக்கு ஐந்தாம் நாளும் ஜுரம் இறங்காதபோது
ஜெபம் போதும் என்றார்கள்.
நான் கடைசி பஸ் ஏறினேன்.
வேலூர் பெரியாஸ்பத்திரியில்
அவன் கையில் நரம்பு தேடி
யாரோ ஒருவருடைய ரத்தத்தை ஏற்றினார்கள்.
அடுத்த ஞாயிறு
சுத்த மந்தைச் சபையின் நீல நோட்டில்
மூப்பர் யோசபாத் என் பெயர்மேல்
ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார்.
எதையும் கோணாமல் செய்பவர்.

அன்றிலிருந்து நெல்லூர்ப்பேட்டையில்
எனக்கு முதுகுகள் பழக்கம்.
முதுகை வைத்தே ஆளைச் சொல்வேன்:
இது கெம்பீரம் மச்சான்,
இது செப்பனியா சித்தப்பா, தோள் சற்று இடப்பக்கம் சாயும்.
பையன் இப்போது பத்தாவது.

பங்குனியில் ராணிப்பேட்டைத் தலைமையிலிருந்து
ஒரு தாள் வந்தது.
விலக்கப்பட்டோர் எதிர்ப்பட்டால்
ஸ்தோத்திரம் சொல்லலாம்.
அதற்குமேல் வார்த்தை வேண்டாம்.

ஏனாம்?
குடியாத்தத்தில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
தசமபாகப் பெட்டி இளைத்துவிட்டதாம்.
நாற்பது நாற்காலியில் இருபத்தாறு காலியாம்.
பெங்களூர்ப் பிள்ளைகள் வீடியோவில்
எந்த வசனத்தில் இருக்கிறது என்று கேட்கிறார்களாம்.
கல்லறைக் குழி மறுக்கப்பட்ட ஒருவரின் மகன்
கோர்ட்டுக்குப் போயிருக்கிறானாம்.
தலைமைப் போதகரின் கடைசி மகளே
ஒரு பல் டாக்டரோடு...
இந்த இடத்தில் சொல்பவர் குரல் தாழ்கிறது.

என்னிடமும் ஒன்று உண்டு, யாரிடமும் சொன்னதில்லை.
தை மாதம், விடியாத நேரம்.
மூப்பர் வீட்டு அடுப்படியில் கேஸ் வாடை.
ஒரு கையில் வேட்டியைப் பிடித்தபடி
தெருவெல்லாம் ஓடிவந்து
என் கதவைத் தட்டினார்,
ஒபதியா, ஒபதியா என்று.
கோடு போட்ட பெயர்
அந்த வாயில் முழுசாக இருந்தது.
வாஷர் நைந்திருந்தது. ரெண்டு நிமிஷ வேலை.
நீட்டிய காசை நான் வாங்கவில்லை.
என்ன சொல்வதென்று தெரியாமல்
மழை வருமோ என்றார்.
தையில் என்ன மழை.

ஆனாலும் ஒரு வாஷருக்காக
ராணிப்பேட்டையில் தாள் அச்சாகாது.
எனக்கே தெரியும்.

இன்னொன்றுதான் உறுத்துகிறது.
போன ஆடியில் ஒருநாள்
எப்சிபா தப்பான எண் சொன்னாள்.
போன் ஏற்கவில்லை. மறுபடி கேட்டேன்.
சரியாகச் சொன்னாள்.
அடுத்த முறையும் முதலில் தப்பு.
அதற்கடுத்த முறை இரண்டு தரம்.
கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவள்.
அந்த வீட்டில் சாப்பிடுவது இரண்டே பேர்.
அறுபது நாள் வந்த சிலிண்டர்
நாற்பதில் தீர்ந்தது, பிறகு முப்பதில்.
அவள் என்னதான் சமைத்தாளோ,
யாருக்கு.

நேற்று கதவு முழுசாகத் திறந்திருந்தது.
ஸ்தோத்திரம் என்றாள்.
ஸ்தோத்திரம் என்றேன்.
ரேஷன் கடையில் கைரேகை வைத்தது போலிருந்தது.
பிறகு எண்.
நாலும் சரி,
சொன்ன விதத்திலேயே தெரிந்தது.
அதற்குமேல் வார்த்தை வேண்டாம்.

காலி சிலிண்டரைத் தோளுக்கு ஏற்றினேன்.
திரும்ப இறக்கி வைத்தேன்.
போனில் ஒரு எண்ணும் அழுத்தாமல்,
சரியாக் கேக்கல,
இன்னொருவாட்டி சொல்லு என்றேன்.