மிகுந்த ஒற்று

லியெபாயாவில் காற்றுக்குக் குடைகளைப் பிடிக்காது.
பதினெட்டு வருஷமாக அது உடைத்துப் போட்டவற்றை
நான் படமெடுக்கிறேன்.
டிராம் நிறுத்தக் குப்பைத்தொட்டியில் தலைகீழாய் ஒன்று,
தேவாலய வேலியில் ஒற்றைக் கம்பியில் தொங்கும் ஒன்று,
கால்வாயில் கவிழ்ந்து
வாத்துக்கு வழிவிடாத சிவப்பு.
மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு.
என் இணையதளத்தில் எண்வரிசைப்படி இருக்கின்றன.

அடியில் பொடி எழுத்தில்
வட்டத்துக்குள் அடைபட்ட அரைவட்டம்,
வருடம், வெல்டா ஸ்பிரூஜா,
அனைத்து உரிமைகளும் பாதுக்காக்கப்பட்டவை.

ஜனவரி முதல் தேதி
காப்பி ஆறுவதற்குள் வருடத்தை மாற்றிவிடுவேன்.
வேறு தீர்மானம் எதுவும் எடுப்பதில்லை.

யாரிடமிருந்து பாதுகாக்கிறேன் என்று
போன அக்டோபர் வரை தெரியாது.
ரீகாவில் ஒரு மருந்துக்கடை
எண்பத்தேழாம் குடையைத் தூக்கி
இருமல் மருந்துக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தது.

மூன்று பக்கம் எழுதினேன்.
களவு என்ற சொல் மட்டும் ஐந்து முறை.
அனுப்புமுன், எதற்கும் இருக்கட்டும் என்று
அவர்கள் தளத்தின் அடிவரை இறங்கிப் பார்த்தேன்.
அனைத்து உரிமைகளும் பாதுக்காக்கப்பட்டவை.
மிகக் கூடாத இடத்தில் மிகுந்த அந்த ஒற்றுகூட
அப்படியே.
பொருளோடு
பூட்டையும் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்!

சிரித்தேன்.
பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டது.
அந்த ஒற்று என்னுடையதில்லை.
சேசிஸில் தேனீ வளர்க்கும் ஒருவரின் தளத்திலிருந்து
வழித்தெடுத்த வரி அது.
அவர் பெயரை அழித்தேன், என் பெயரைப் போட்டேன்,
அவ்வளவுதான் என் உழைப்பு.

அவருக்கு எழுதினேன், இது அரைப் பக்கம்.
இரண்டே நாளில் பதில்:
நானும் எடுத்ததுதான்.
டௌகாவ்பில்ஸில் சதுரங்கப் புதிர் போடுகிறவர் ஒருவர், அவரிடம்.
பிழையா? எந்த இடத்தில்?

புதிர்க்காரரின் தளம் மெதுவாகத் திறந்தது.
வருடம் இரண்டாயிரத்து ஒன்பதில் நிற்கிறது.
வெள்ளை ஆடி மூன்று நகர்வில் வெல்ல வேண்டும்,
விடை அடுத்த வாரம்.
கீழே எங்கள் எல்லோருடைய வரி.
அவர் எங்கே எடுத்தாரோ,
கேட்டு எழுதிய கடிதம்
முகவரி இல்லையென்று திரும்பி வந்தது.

மருந்துக்கடைக்கு மூன்று பக்கத்தைக் கிழித்து
நாலு வரியாக்கினேன்:
குடைக்கு நாற்பது யூரோ.
வரிக்கு ஒன்றும் வேண்டாம்.
பணம் வந்தது.
கூடவே இரண்டு பாட்டில் இருமல் மருந்து,
எனக்கு இருமல் இல்லை.

இன்று ஜனவரி முதல் தேதி.
வருடத்தை மாற்றினேன்.
கர்சர் அந்த ஒற்றுக்குப் பக்கத்தில் போய்
கொஞ்ச நேரம் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.
விட்டுவிட்டேன்.

புதிர் இன்னும் விடுபடவில்லை.
குதிரையில் தொடங்க வேண்டும் என்று தோன்றுகிறது.