பீப்பாய் விழும் நாள்

டிசம்பரில் ஆர்லோ ஏரி உறைந்ததும்
நீலப் பெயின்ட் அடித்த பீப்பாய் ஒன்றை
இழுத்துப்போய் நடுவில் நிறுத்துவார்கள்.
அதிலிருந்து ஒரு கயிறு.
கயிற்றின் மறுமுனை தூண்டில் கடைச் சுவரில்,
ஒரு கடிகாரத்தில்.
பனி உடைந்து பீப்பாய் மூழ்குகிற நொடியில்
கடிகாரம் நிற்கும்.
எந்த நாள், எத்தனை மணி?
சீட்டு ஒன்று இரண்டு டாலர்.

டுலூத் நகரில் பாதிப்பேர் எழுதுவார்கள்:
மாமியார் பிறந்தநாள், விற்றுவிட்ட காரின் எண்,
கனவில் வந்த ஏதோ ஒன்று.
நான் கணக்குப் போட்டு எழுதினேன்.
என் வேலையே அதுதான்.
பனிக்கட்டி எவ்வளவு கனம்,
எத்தனை பாரம் தாங்கும்,
எப்போது கைவிடும்.
அதற்காகத்தான் பிஷ்கெக்கிலிருந்து வந்தேன்,
இரண்டு பட்டம், ஏழு வருடம்.

மார்ச்சில் இன்னொரு குலுக்கல்.
அதில் கணக்குக்கு இடமில்லை.
மூன்றாம் முறையாக என் பெயரைக்
கம்பெனி வக்கீல் உள்ளே போட்டார்.
குடத்தில் ஓலையிட்டு எடுத்த காலத்தில்
கைவிட்டு எடுக்கிற சிறுவனின் முகமாவது
எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.
இங்கே ஒரு திரை, திரையில் ஒரு சொல்:
‘சமர்ப்பிக்கப்பட்டது’.
தேர்வானவர்களுக்கு அந்தச் சொல் மாறும்.
மற்றவர்களுக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை.
பல் தேய்க்கும்போது பார்த்தேன்.
துளைபோடும் எந்திரத்தைப் பிடித்தபடி,
கையுறையைப் பல்லால் கழற்றிப் பார்த்தேன்.
சமர்ப்பிக்கப்பட்டது.
சமர்ப்பிக்கப்பட்டது.

“உன்னை மாதிரி ஆள் கிடைக்காது” என்றார் மேலாளர்.
கிடைக்காது என்று நிரூபிக்க ஒரு படிவம் உண்டாம்.
அது வேறு ஜன்னல், வேறு வரிசை,
அந்த வரிசையில் நிற்பதற்கு
முதலில் இந்தக் குலுக்கலில் விழவேண்டுமாம்.
அவர் மேசையில் என் வேலைக்கான விளம்பரம்
தலைகீழாகக் கிடந்தது.
தலைகீழாகப் படிக்க எனக்கு வரும்:
‘பனி அளவீட்டில் அனுபவம் அவசியம்’.

ஜூன் பதினான்கு வேலையில் கடைசி நாள்.
பிறகு அறுபது நாள் அவகாசம்.
அந்த அறுபதில் மூச்சு விடலாம்,
சோபா விற்கலாம்,
சம்பளம் மட்டும் வாங்கக்கூடாது.
சோபாவை எடுக்க வந்தவர்
ஒரு முனையைத் தூக்கிக்கொண்டே கேட்டார்:
“ஏன் கிளம்புறீங்க, குளிர் ஒத்துக்கலையா?”

பக்கத்து மேசை ரொவேனா நியெமி.
அவள் கொள்ளுத்தாத்தா பின்லாந்திலிருந்து கப்பலில் வந்தவர்.
துறைமுகத்தில் இரண்டே கேள்வி கேட்டார்களாம்,
இரண்டுக்கும் பொய் சொன்னாராம்.
ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் சொல்லிச் சிரிப்பாள்.
என்னிடம் கேட்ட கேள்விகள்
நாற்பத்தொரு பக்கம்,
அத்தனைக்கும் உண்மையே சொன்னேன்.
இந்த வருடம் அவள் அந்தக் கதையை எடுக்கவில்லை.

ஏப்ரல் இருபத்து மூன்று, மாலை நான்கு பத்து.
கடிகாரம் நின்றது.
நான் எழுதியிருந்தது நான்கு இருபத்தைந்து.
அதைவிட நெருங்கியவர் யாருமில்லை.
ஐந்நூற்று நாற்பது டாலர்,
காசோலையில் என் பெயர் அய்ஜார்கின்
‘அயர்ன் கின்’ ஆகியிருந்தது.
“அதிர்ஷ்டக்காரி!” என்று கடைக்காரர் கைகுலுக்கினார்.
சிரித்தேன்.
நிறுத்த முடியாமல் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.
ரொவேனா என்னை வெளியே கூட்டிப்போனாள்.

ஏரியில் பனி இல்லை,
வெறும் சாம்பல் நீர், அலைகூட இல்லை.
கடை வாசலில் விதிப்பலகை.
அவள் உரக்கப் படித்தாள்:
‘யாரும் எழுதலாம். எங்கிருந்தும் எழுதலாம்.
நேரில் வரவேண்டிய அவசியமில்லை.’
படித்துவிட்டு என்னைப் பார்க்கவில்லை.

அடுத்த வருடச் சீட்டு ஒன்று பையில் இருக்கிறது.
இரண்டு டாலர் கட்டிவிட்டேன்.
தேதி மட்டும் எழுதவில்லை.
அதற்கு ஜனவரியில்
பனியின் கனம் தெரியவேண்டும்,
தெரிய வேண்டுமானால்
யாராவது அதன்மேல் நிற்கவேண்டும்.