பாக்கி இரவுகள்

காட்பாடி ஜங்ஷன் பார்சல் ஆபீசில்
பீடிக்கட்டுக்கும் தோல் பேலுக்கும் நடுவே உட்கார்ந்து
ஒரு டைரி எழுதினேன்.
அதில் ஒரே கணக்குதான்:
தணிகாசலத்துக்காக நான் பார்த்த நைட் ட்யூட்டி.

முதல் பதிவு எழுபத்தெட்டு, தை மாதம்.
வேலூர் டவுன்ஹாலில் நாடகம், அவனுக்கு மூன்று வேஷம்.
தபால்காரன் கொண்டுவந்த கடிதத்தை
மாமனார் கிழித்துப் போட
விசாரிக்க ஏட்டு வந்தார்.
மூன்று பேரும் ஒரே ஆள் என்று
முன்வரிசைத் தாசில்தாருக்குக் கடைசிவரை தெரியாது.
மீசையை மாற்றினான் என்றார்கள்.
மீசை இல்லை,
முதுகை மாற்றினான்.

சினிமாவில் முதல் வசனம்,
"ஐயா, வண்டி வந்துடுச்சு."
அதற்கு எனக்கு நாலு ராத்திரி.
சாப்பாட்டுத் தூக்கோடு வந்த அமுலு கேட்டாள்:
"அவரு ராஜா ஆகறதுக்கு
நீ ஏன்யா கூர்க்கா ஆகணும்?"

ராஜா எங்கே ஆனான்.
வட்டிக்கடைக்காரன் ஆனான், நீதிபதி ஆனான்,
ஐந்து கதாநாயகிகளுக்கு அப்பா ஆனான்
(ஒருத்தியும் அவன் பார்த்த மாப்பிள்ளையைக் கட்டவில்லை).
ரயிலில் யாராவது உற்றுப் பார்த்து
"உங்கள எங்கியோ..." என்று இழுத்தால்
"பார்சல் ஆபீஸ்ல" என்பான்.

டாக்டர் மட்டும் பதினொரு தடவை.
கதவைத் திறந்து வெளியே வரவேண்டும்,
கண்ணாடியைக் கழற்றவேண்டும்,
"எங்களால முடிஞ்சதச் செஞ்சோம்."
எடைமேடை மேல் என்னை நிற்கவைத்து
என் முகத்தைப் பார்த்தே ஒத்திகை.
நான்தான் அழவேண்டிய தம்பி, அண்ணன், புருஷன்.
சிரித்துத் தொலைப்பேன்.

திட்டிக்கொண்டே மேட்னிக்குப் போவாள் அமுலு.
ஒருநாள் வந்து சொன்னாள்:
"இந்த டாக்டர் நல்லாருந்தாரு.
சேதி சொல்லிட்டு வாட்ச்சப் பார்த்தாரு,
பார்த்ததுக்கு அப்புறம் கூசினாரு."
அது எட்டாவது டாக்டர்.
டைரக்டர் சொல்லிக் கொடுக்காத கூச்சம் என்று
அவன் பிறகு என்னிடம் சொன்னான்.
பேப்பரில் ஒரு வரி வரவில்லை.

போன ஐப்பசியில்
வேலூர்ப் பெரிய ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி,
கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அமுலு.
இந்தப் பக்கம் பாயும் ஃபிளாஸ்க்குமாக
வங்காளத்திலிருந்து வந்த ஜனம்.
இரவு ஒன்பதுக்கு வந்தான், வெள்ளைச் சட்டை.
"இன்னிக்கு ட்யூட்டி என்னுது. நீ தூங்கு, முனிரத்தினம்."

அவன் படம் ஒன்றும் பார்த்திராத ஒரு குடும்பம்
ஃபைலைத் தூக்கிக்கொண்டு எழுந்து வந்தது,
"டாக்டர் பாபு" என்று.
இல்லை இல்லை என்றான்,
தமிழில், அரைகுறை ஹிந்தியில், கையை ஆட்டி.
எத்தனையோ பொய்யை நம்பவைத்தவன்
இந்த உண்மையைச் சுமாராகத்தான் சொன்னான்.
விடியும்வரை அவர்கள்
அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்து ஐம்பதுக்குக் கதவு திறந்தது.
சின்னப் பெண், இருபத்தாறு இருக்கும்.
கழற்றுவதற்குக் கண்ணாடி இல்லை.
பேனா மூடியைத் திறந்தாள், மூடினாள்.
"அங்கிள்" என்றாள்.
அதற்குமேல் வரவில்லை.

திரும்பினேன்.
பதினொரு தடவை சொன்ன வாய் திறந்தபடி இருந்தது.
கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பழக்கமில்லை அவனுக்கு.
கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
அந்தப் பெண்ணின் பேனாவை வாங்கி
என் சட்டைப் பையில் செருகினான்.

காரியம் முடிந்து டைரியை எடுத்தேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டை அடித்து
முந்நூற்றுப் பதினொன்று என்று
அந்தப் பேனாவாலேயே எழுதினேன்.

அவசரம் ஒன்றுமில்லை, தணிகாசலம்.
மெதுவாகத் தீர்.
இரவு நிறைய இருக்கிறது இப்போது வீட்டில்.