சுண்ணாம்பு காயவில்லை

பீல் நகரத்துப் பள்ளிக்கூடத்தில்
தரைத்தள நடைபாதை நாற்பத்தொரு மீட்டர்.
ஈரத்துடைப்பம் ஒருமுறை போய்வரப்
பதினொரு நிமிடம் என்று
கணக்கெழுதி வைத்திருக்கிறது
என்னை அனுப்பும் கம்பெனி.
சுவரில் நிற்கும் பன்னிரண்டு பேரைப் பற்றி
அதில் ஒரு சொல் இல்லை.

மண்வெட்டியோடு நிற்கிறார்கள்.
ஏரிக்கரையை உயர்த்துகிறார்கள்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றில்
கடிகாரப் பட்டறைகள் வரிசையாய்க் கதவடைத்தபோது
நகரசபை கூலி கொடுத்துப் போட்ட கரையாம்.
இப்போது அங்கே நாய்கள் உலாப் போகின்றன,
ஞாயிறன்று ஐஸ்கிரீம் வண்டி.

நல்ல ஓவியம் என்று சொல்லமாட்டேன்.
கால்களெல்லாம் கம்பம் நட்டதுபோல.
ஒருவனுக்கு இரண்டும் இடதுகை.
ஏரித் தண்ணீர் உதறிப்போட்ட போர்வை.
மண்வெட்டியைப் பிடித்திருப்பதோ
பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல்.
மூன்றே விரல்.
மற்ற இரண்டும் காற்றில்,
மயிரிழைச் சுருள்வில்லை
இடுக்கியால் தூக்குகிறவனைப் போல.
மூன்று வருஷம் அதையும்
வரைந்தவனின் பிழை என்றே நினைத்துத் துடைத்தேன்.

கட்டடப் பொறுப்பாளர் ரூஃபெனாக்ட் சொன்னார்:
எக்லாஃப் ஓவியனே இல்லை.
கடிகார முகப்பில் எண் எழுதுகிறவன்.
வேலை போனதும் நகரசபைக்கு
‘எனக்குத் தூரிகை பிடிக்கத் தெரியும்’ என்று
மனுப் போட்டிருக்கிறான்.

பொய்யில்லை.
வலது மூலையில் ஒரு கோபுரக் கடிகாரம்,
என் உள்ளங்கை அகலம்.
ரோமன் எண்கள் இமைமயிர்த் தடிப்பில்.
நான்குக்கு நிமிர்ந்த கோடு நான்கு,
பட்டறை வழக்கப்படி.
அந்த உள்ளங்கை இடத்தில் மட்டும்
அவன் வேலை இழக்கவில்லை.

இலையுதிர்கால விடுமுறையில்
பழைய ஹீட்டரைக் கழற்றினார்கள்.
பின்னால் ஒரு கொண்டை ஊசி, பால்பல் ஒன்று,
எத்தனையோ வகுப்புகளின் தூசி.
தூசிக்கும் பின்னால்
பென்சிலில், சின்னச் சின்னதாய், நேர்வரிசையில்:

செவ்வாய் 9 மணி
புதன் 9
வியாழன் சுண்ணாம்பு காயவில்லை 0
வெள்ளி 7 கை விறைத்தது
சனி வானம் மட்டும் 5
திங்கள் சுண்ணாம்பு காயவில்லை 0

இப்படியே தரைவரைக்கும்.
முழங்காலில் இருந்து தூசியைக் கூட்டினேன்.
பிறகு மணிகளைக் கூட்டினேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு.
பூஜ்யங்கள் பதினொன்று.
அவற்றை எதில் சேர்ப்பது?

மெழுகு பூசினால் தரை காய நாற்பது நிமிடம்.
அதுவரை படிக்கட்டில் நிற்பேன்,
வாளியும் நானும்.
கம்பெனித் தாளில் அதற்குக் கட்டம் கிடையாது.

மறுநாள் புது ஹீட்டர் மாட்ட வந்த பையன்
புதன்மேல் ட்ரில்லை வைத்தான்.
“கொஞ்சம் தள்ளு” என்றேன்.
ஏன் என்று பார்த்தான்.
பஸ்ஸில் துண்டு போட்டவள் மாதிரி,
எனக்குத் தெரிந்த ஜெர்மனில்,
“அங்கே ஆள் இருக்கு” என்றேன்.
சிரித்தான். நான்கு விரல் தள்ளித் துளைத்தான்.
ஆணி போய் இறங்கியது
ஒரு பூஜ்யத்தின் சரியான நடுவில்.
மத்தியானத்துக்குள் வெள்ளை இரும்பு மூடிவிட்டது.

அந்த வாரத் தாளில் எழுதினேன்:
வியாழன் 8 மணி.
அதன் கீழே,
சுவர் வாசித்தது, 20 நிமிடம்.

அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.
இது என்ன வேலை, துடைப்பதா கூட்டுவதா?
கூட்டுவது, என்றேன்.

தாள் தபாலில் திரும்பி வந்தது.
இருபது நிமிடத்தின் குறுக்கே ஒரு கோடு.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
பென்சில்தான்.