பின்கனம்

நூற்றைம்பது கிலோ தாங்கும் என்று
பம்பருக்கடியில் துருவுக்குள் எழுதியிருக்கிறது.
பைக் தொண்ணூற்றாறு. தாங்கி இருபத்தெட்டு.
மிச்சத்தை மனதுக்குள் கழித்தபடி
பழைய சுபாருவின் பின்கொக்கியில்
மகளின் மஞ்சள் டர்ட் பைக்கை ஏற்றுகிறேன்.

அமாயா ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்கிறாள்.
பதின்மூன்று வயது. கை நடுங்குவதில்லை.
"இன்னும் ரெண்டு பல்" என்கிறாள்.
ராட்செட்டை இழுக்கிறேன். கடக். கடக்.
முன்ஃபோர்க் மூச்சடக்கிக் குறுகுகிறது.
டாங்கில் கீறல் விழாமலிருக்க
வாருக்கடியில் என் இடக்கையுறை.
நம்பர் பிளேட்டைச் சக்கரம் மறைக்கிறது,
போலீஸ்காரர் பார்த்தால் பார்க்கட்டும்.

ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி இதுதான்.
எல்கோவில் ஒரு வீடு, வென்டோவரில் ஒரு வீடு,
நடுவில் வெல்ஸ் ஊரின் பெட்ரோல் பங்க்.
பிள்ளை யாரிடம் எத்தனை நாள் என்று
நீதிமன்றம் பதினோரு பக்கம் எழுதியது.
பைக்கைப் பற்றி ஒரு வரி இல்லை.
அவள் இருக்குமிடத்தில் அதுவும் இருக்கட்டும் என்று
நாங்களே பேசி முடித்தோம்.
நாங்கள் பேசி முடித்தது
வேறெதுவும் ஞாபகத்தில் இல்லை.

எண்பதாம் நெடுஞ்சாலை, இரவு.
பின்னால் கனம் ஏறினால் முன்னால் மூக்கு தூக்கும்.
என் முகப்பு விளக்குகள் சாலையைக் கைவிட்டு
பச்சைப் பலகைகளின் நெற்றியை,
கம்பங்களின் தலையை,
ஒன்றுமில்லாத வானத்தைக் காட்டுகின்றன.
எதிரே வரும் லாரிக்காரர்கள்
கண்சிமிட்டித் திட்டுகிறார்கள்.
நான் என்ன செய்ய? தாழ்த்தித்தான் வைத்திருக்கிறேன்.
இதற்குமேல் தாழ்த்த இதில் இடமில்லை.

ஸ்டியரிங் லேசாகிவிட்டது,
தூக்கத்தில் பதில் சொல்பவன் மாதிரி.
கேட்டால் திரும்பும், கொஞ்சம் கழித்து.

காற்றில் வார் ரீங்கரிக்கத் தொடங்கியது.
"அம்மான்னா ஒரு முறுக்கு விட்டுக் கட்டுவாங்க"
என்றாள், போனிலிருந்து கண்ணெடுக்காமல்.
ஒரு முறுக்கு விட்டால் வார் பாடாது.
தெரியும்.

கண்ணாடியில் பார்க்கிறேன்.
மஞ்சள் மட்கார்டு இருக்கிறது.
அரை மைல் கழித்துப் பார்க்கிறேன். இருக்கிறது.
பள்ளத்துக்குப் பள்ளம் தலையசைக்கிறது,
நான் சொல்லாத எதற்கோ ஆமாம் போட்டு.

வெல்ஸ். பங்கின் வெள்ளை வெளிச்சத்தில்
மைட்டேயின் பிக்கப் முன்பே வந்து நின்றது,
டெயில்கேட் இறங்கி, பலகை சாய்ந்து.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
குனிந்து கொக்கியைப் பார்த்தாள்.
குறுக்கூசி இருந்தது.
அதன் நுனியில் மாட்டிய கிளிப் இல்லை.
ஹாலெக்கில் விழுந்ததா, டீத்திலா?
அச்சாணி கழன்றால் முச்சாண்கூட ஓடக்கூடாது.
எத்தனை மைல் ஓடியிருக்கிறதோ,
ஒரு விரல் நீள இரும்பு
பாரம் அழுத்திய அழுத்தத்திலேயே கிடந்து.

ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன்.
சொல்லியிருக்கலாம்.
பைக்கை இறக்கினோம் மூவருமாக,
'பிடி', 'விடு', 'மெதுவா' தவிர வேறு சொல் இல்லாமல்.
பிறகு தன் பிக்கப்புக்குப் பின்னால் போய்
தன் கொக்கியின் கிளிப்பைக் கழற்றி வந்து
என் ஊசியில் மாட்டினாள்.
கிளுக்.
"எனக்கு இன்னிக்கு இழுக்க எதுவுமில்ல."

பிக்கப் திரும்பும்போது அமாயா
கையாட்டினாளா, முடியை ஒதுக்கினாளா,
வெளிச்சத்தில் தெரியவில்லை.

வீடு திரும்பும் வழியில்
விளக்குகள் சாலைக்கு இறங்கிவிட்டன.
வெள்ளைக் கோடு, செத்த முயல், வெள்ளைக் கோடு.
வெறும் தாங்கி கடகடக்கிறது,
பாரம் இருந்தவரை வாய் திறக்காதது.
டீத் தாண்டி ஓரமாக நிறுத்தி
கையுறையை இடுக்கில் திணித்தேன்.
சத்தம் குறைந்தது. நிற்கவில்லை.
இன்னொன்றைத் தேடினேன், இருக்கைக்கடியில், கதவுப் பையில்.
அது இடக்கையுறை.
பைக்கோடு போயிருக்க வேண்டும்.