முப்பத்தேழாவது ஆள்

டுலூத்தில் மார்ச் என்றால் இன்னும் பனிக்காலம்தான்.
ஏரி உறைந்து கிடக்கிறது
என் விண்ணப்பம் போல, என்று எழுதினேன்.
அடித்துவிட்டேன்.

மூன்று பல்கலைக்கழகங்கள்.
ஒன்று மறுத்தது, இரண்டே வரியில், மரியாதையாக.
ஒன்று வாயே திறக்கவில்லை.
மூன்றாவது என்னைக்
காத்திருப்போர் பட்டியலில் வைத்திருக்கிறது.
எத்தனையாவது என்று சொல்ல மாட்டார்களாம்.

சமூகப்பணி ஏன் படிக்க வேண்டும், ஐந்நூறு சொற்களுக்குள்.
அண்ணன் ராய்ஸ் ஊசியோடு கிடந்த
பெட்ரோல் பங்க் கழிப்பறையை எழுதினேன்.
நானூற்றுத் தொண்ணூற்றெட்டில் முடிந்துவிட்டான்.
மிச்சம் இரண்டு சொல்லை
என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்படியே அனுப்பினேன்.

இரவுப் பணி. விடுதியில் முப்பத்தாறு கட்டில்.
பத்தரைக்கு வந்தார் வெர்லின் ஹாஸ்கல்,
கக்கத்தில் ஷூ பெட்டி, அதற்குள் பூனைக்குட்டி.
"பட்டியலில் உங்கள் பெயரைச் சேர்த்துக்கொள்கிறோம்."
சேர்த்துக்கொள்கிறோமாம்.
நான் ஒருத்திதான் நின்றுகொண்டிருந்தேன்.

"எத்தனையாவது?"
சொல்லக் கூடாதென்பது விதி.
இங்கே விதி என்றால் சுவரில் ஒட்டிய தாள்.
நாலாவது, என்றேன்.
பதினெட்டாம் கட்டில்காரர் சனிக்கிழமை
தங்கை வீட்டுக்குப் போகிறார், அதையும் சொன்னேன்.
வெர்லின் விரல்விட்டு எண்ணிப் பார்த்து
வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்தார்.
பால் இருக்குமா என்றார், தனக்கில்லை என்றார்.
இருந்தது.

விடியற்காலை நாலரைக்கு மின்னஞ்சலைத் திறந்தேன்.
டயர்க் கடைத் தள்ளுபடி. வேறொன்றுமில்லை.
நாற்காலியில் வெர்லின், வாய் திறந்தபடி.
மடியில் பெட்டி.
குட்டி மட்டும் தூங்காமல் என்னையே பார்த்தது,
எந்தப் பட்டியலிலும் இல்லாதது.