குல்கந்தின் வம்சாவளி

மாதத்துக்கு இருமுறை கீழ்ப்பாக்கம், ஏழாவது மாடி.
செருப்பைக் கழற்றும்போதே ஏசிக் குளிர் பாதத்தில் ஏறும்.
சோபாவில் கிடக்கும் குல்கந்து,
யாரோ கழற்றிப் போட்ட சால்வை போல.
‘சாதிப் பூனைம்மா’ என்பார் வாட்ச்மேன்,
குரலைத் தாழ்த்தி.

அக்குளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.
அங்கேதான் முடிச்சு விழும்.
மேல்முடி பட்டு, அடிமுடி பஞ்சு;
ரெண்டு கம்பளி மாட்டிக்கொண்டு
கத்திரி வெயிலுக்கு வந்த விருந்தாளி.
எஃகுச் சீப்பு, சோளமாவு,
கண்ணோரம் துடைக்க வெந்நீர்ப் பஞ்சு.
ஐந்நூறு ரூபாய்.

சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ்:
அப்பன், அவனுக்கு அப்பன், அவனுக்கும் அப்பன்.
தாய்வழியிலும் அப்படியே,
நான்கு தலைமுறைக்கு யாரும் தொலையவில்லை.
எனக்கு ஒரேயொரு எழுத்து. கோ. தேசராணி.
அது கோதண்டமா கோவிந்தனா என்று
அம்மா கடைசிவரை சொல்லவில்லை.

நசீமா மேடம் சொல்வார்:
குராசான் மலைக்குளிரில் பிறந்த இனம்,
நானூறு வருஷத்துக்கு முன்
யாரோ ஒரு பயணியோடு இத்தாலிக்குப் போனதாம்.
பிறகு இங்கிலாந்துச் சீமாட்டிகளின் மடி.
வேப்பேரி டாக்டர் வேறு கணக்குச் சொன்னார்:
ரத்தத்தைச் சோதித்தால்
பாரசீகம் அவ்வளவாக இல்லையாம்,
ஐரோப்பாவின் சாதாப் பூனைகளுக்குத்தான் நெருங்கிய உறவாம்.
மேடத்திடம் நான் சொல்லவில்லை.
ஐந்நூறு ரூபாய்.

இதற்கும் மூக்கு இருந்தது ஒரு காலம்.
தட்டை முகம்தான் அழகென்று எவரோ பரிசு கொடுக்க,
பரிசு வாங்கியதைப் பரிசு வாங்கியதோடு சேர்த்துச் சேர்த்து
கதவில் மோதியது போல உள்ளே போய்விட்டது முகம்.
கண்ணீருக்கு இறங்க வழியில்லை,
கன்னத்தில் துருவாய்ப் படிகிறது.
தூங்கினால் டீக்கடை பாய்லர்.
குதிக்காது, அலமாரி ஏறாது, சண்டைக்கு வராது.
ஜன்னலில் புறா உட்கார்ந்தால் மட்டும்
தாடை தன்பாட்டில் படபடக்கும்.

மே இருபத்தொன்று, பகல் ஒன்றரை.
டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது அடுத்த தெருவில்.
மேடம் மகள் பிரசவத்துக்கு ஷார்ஜாவில்.
சாவி என்னிடம்.
இருபது நிமிஷத்தில் வாய் திறந்து மூச்சு வாங்கியது குல்கந்து.
பூனை வாய் திறந்து மூச்சு வாங்கக் கூடாது.
பாத்ரூம் தரையில் கிடத்தினேன், ஈரத் துண்டு போட்டேன்,
தண்ணீர் முடிக்குள் இறங்கவே இல்லை.
லிஃப்ட் நின்றிருந்தது. போன் எடுக்கவில்லை யாரும்.
மெஷினில் சார்ஜ் இருந்தது.

நடுமுதுகில் வைத்து இழுத்தேன்.
பட்டு விழுந்தது. பஞ்சு விழுந்தது.
குராசான் விழுந்தது பக்கெட் ஓரம்.
கடைசியில் மிச்சமிருந்தது
விலா எண்ணலாம் போல ஒரு சின்ன உடம்பு.
எனக்குத் தெரிந்த உடம்பு.
காசிமேட்டில் ஏலம் முடிந்தபின்
காரப்பொடிக்கு அடித்துக்கொள்ளும் உடம்பு.

பிழைத்துக்கொண்டது.
மேடம் வீடியோ காலில் பார்த்து
வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.
பிறகு என்னைக் கூப்பிடவில்லை.
வாட்ச்மேன்தான் சொன்னார்,
மொட்டையான நாலாம் நாள் அது
ஃப்ரிட்ஜ் மேல் ஏறி உட்கார்ந்திருந்ததாம்.

ஆடி பிறந்து ஒரு விடியல்.
ஐஸ் உடைக்கிற இடத்தில்
எங்கள் தெருச் சாம்பல்காரி ஈன்ற ஐந்து குட்டி.
நான்கு, தாயைப் போலவே வழுவழு.
ஐந்தாவதற்குக் கழுத்தைச் சுற்றிப் பிடரி,
வால் ஒட்டடைக் குச்சி.
நீள்முடி ஒளிந்து வரும் குணம் என்று
டாக்டர் சொல்லியிருக்கிறார்.
தாய் தகப்பன் இருவருமே சுமந்தால்தான்
குட்டியில் வெளியே தெரியும்.
எத்தனை தலைமுறை சுமந்ததோ சாம்பல்காரி,
சான்றிதழ் இல்லாமல்.
தகப்பன் யாரென்று கேட்டேன்.
அவள் காலை நக்கிக்கொண்டிருந்தாள்.

பிடரி முழுக்கச் சங்கராச் செதில்.
பையில் சீப்பு இருந்தது. அக்குளைத் தொட்டேன்.
கட்டைவிரலைக் கடித்துவிட்டு
கூடைகளுக்குள் ஓடிப்போனது,
மூக்கு நன்றாக நீண்டிருந்தது அதற்கு.